இ.எஸ்.ஐ. வேலையிழப்பு நிவாரணம் இரண்டு முறை நிராகரிப்பு: பெயர், பணி நாள், இரட்டை எண், எதை முதலில் சரிசெய்வது?

நூல்கண்டு (கேள்வி):

வணக்கம். பின்னலாடைத் தொழிலாளி அம்மா ஒருவருக்காகக் கேட்கிறேன். இ.எஸ்.ஐ.யின் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ திட்டத்தில், அதாவது வேலை போனவர்களுக்கான நிவாரணத்தில், ஆன்லைனில் இரண்டு முறை கிளைம் போட்டாயிற்று. இரண்டும் திரும்பிவிட்டன.

கடைசி வேலை நாள் 31.3.2025. ஆர்டர் இல்லையென்று ஆட்குறைப்பு செய்தார்கள். மாதக் கூலி ₹14,600. மே மாதம் போட்ட முதல் கிளைம், ‘இன்னும் பணியில் இருக்கிறார்’ என்ற காரணத்தோடு வந்தது. அடுத்ததற்கு ‘இரண்டு ஆண்டு காப்பீட்டுப் பணி நிறைவடையவில்லை’ என்று பதில். இந்தக் கம்பெனியில் சேர்ந்தது 2024 பிப்ரவரி 1. அதற்கு முன்பு வேறொரு யூனிட்டில் நான்கு வருடம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள், சம்பளச் சீட்டுகள் கையில் உள்ளன. பிறகு எப்படி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்கிறார்கள்?

பெயரும் மூன்று விதமாக இருக்கிறது. ஆதாரில் ‘முத்துலட்சுமி எஸ்’, இ.எஸ்.ஐ.யில் ‘எஸ் முத்து லட்சுமி’, பாஸ்புக்கில் ‘முத்துலட்சுமி சுப்பையா’. பி.எஃப். கணக்கிலும் வெளியேறிய தேதி ஏறவில்லை. கம்பெனி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது.

மூன்றாவது முறை போட்டுப் பார்க்கலாமா? அல்லது எங்கிருந்து தொடங்குவது?

—

பழைய லெட்ஜர்:

மூன்றாவது கிளைமை இப்போது போடாதீர்கள். பதிவேட்டில் இருப்பது மாறாதவரை பத்து முறை போட்டாலும் அதே பதில்தான் வரும். ஒவ்வொரு நிராகரிப்பும் எந்தப் பதிவேட்டில் கோளாறு என்று காட்டிக்கொடுக்கிறது. உங்களுக்கு வந்த இரண்டு காரணங்களும் இரண்டு வேறு கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது.

முதலில் ‘பணியில் இருக்கிறார்’ என்பது. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் முந்தைய மாதத்துப் பங்களிப்பை போர்ட்டலில் ஏற்றும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலை செய்த நாள், கூலி என்று நிரப்புவார்கள். நாள் பூஜ்யம் என்றால் பக்கத்திலேயே ஒரு காரண எண் போட வேண்டும். 0 என்றால் காரணம் இல்லை, 1 என்றால் விடுப்பு, 2 வேலையை விட்டார், 3 ஓய்வு, 10 ஆட்குறைப்பு, 11 வேலை இல்லை. 2, 10 போன்றவற்றுக்குக் கடைசி வேலை நாளையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தப் பெயர் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து இறங்கும். கோப்பை அவசரமாக ஏற்றுகிறவர்கள் 0 அல்லது 1 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் அதற்குத் தேதி கேட்காது. விளைவு, அந்த அம்மா இன்றுவரை விடுப்பில் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான ‘பணியில் இருக்கிறார்’ நிராகரிப்புகளின் பின்னால் இந்த ஒரு கட்டம்தான் இருக்கும்.

இதைப் பார்க்க நிறுவனம் தேவையில்லை. இ.எஸ்.ஐ. போர்ட்டலில் காப்பீட்டாளர் உள்நுழைவில் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்துப் போங்கள். பங்களிப்பு விவரத்தில் மாதவாரியாக நாளும் கூலியும் தெரியும். ஏப்ரல் 2025க்குப் பதிவு ஏதாவது இருக்கிறதா, மார்ச்சுக்கு எத்தனை நாள் காட்டுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

இரண்டாவது, ‘இரண்டு ஆண்டு ஆகவில்லை’. இதில் எனக்குப் பெரிதாகச் சந்தேகமே இல்லை: அவருக்கு இரண்டு காப்பீட்டு எண்கள் இருக்கும். இ.எஸ்.ஐ. எண் ஆயுளுக்கும் ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் பழைய எண்ணையே புதிய இடத்தில் கொடுக்க வேண்டும். பல இடங்களில் பழைய எண்ணைக் கேட்பதே இல்லை, புதிதாக ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து 2025 மார்ச் வரை 14 மாதம்தான் புதிய எண்ணில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு ஆண்டு ஆகவில்லைதானே?

விதி இது: வேலை போவதற்கு முந்தைய இரண்டு ஆண்டு காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். அதோடு, வேலை போனதற்கு உடனடி முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள், மீதி மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. இந்த அம்மாவுக்கு 78 நாள் விதி புதிய எண்ணிலேயே நிறைவேறிவிடும். இடிப்பது இரண்டு ஆண்டு மட்டும்தான்.

எண்களை இணைப்பதால் தகுதி மட்டுமல்ல, தொகையும் மாறும். கணக்கு இப்படி: முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்தக் கூலியை 730ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி. அதில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு முறை. (2018 ஜூலையில் திட்டம் வந்தபோது 25 சதவீதம்தான். 2020 மார்ச் 24 முதல் இரட்டிப்பாக்கினார்கள்.) 14 மாதம் மட்டும் கணக்கில் வந்தால் ₹2,04,400ஐ 730ஆல் வகுக்க ₹280, அதில் பாதி ₹140, 90 நாளுக்கு ₹12,600. பழைய யூனிட்டின் 10 மாதமும் அதே கூலியில் சேர்ந்தால் மொத்தம் ₹3,50,400. ஒரு நாள் சராசரி ₹480, பாதி ₹240, 90 நாளுக்கு ₹21,600. ஆக, கிளார்க் யாராவது இரக்கப்பட்டு அப்படியே அனுமதித்துவிட்டால்கூட, எண்ணை இணைக்காமல் வாங்கினால் ₹9,000 நஷ்டம். வாழ்நாளில் ஒரு முறைதான் என்பதால் பிறகு போய்க் கேட்கவும் முடியாது.

கிளை அலுவலகத்துக்கு ஒரே கடிதத்தில் இரண்டு கோரிக்கை எழுதாதீர்கள். எண் இணைப்புக்கு ஒன்று, கடைசி வேலை நாள் திருத்தத்துக்கு ஒன்று. இரண்டும் வேறு வேறு மேசைக்குப் போகும். ஒரே தாளில் இருந்தால் ஒரு மேசையிலேயே தங்கிவிடும். இணைப்புக் கடிதத்தில் இரண்டு எண்ணும், இரண்டு நிறுவனங்களின் 17 இலக்கக் குறியீடும், எங்கே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதும் வர வேண்டும். பழைய யூனிட்டின் குறியீடு தெரியாவிட்டால் பழைய இ.எஸ்.ஐ. அட்டையிலோ சம்பளச் சீட்டிலோ தேடுங்கள்.

—

கிளார்க்கம்மா:

லெட்ஜர் அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனால் எண் இணைப்புக்கு முன்னால் பெயரைப் பாருங்கள். இரண்டு எண்ணிலும் பெயர் இரண்டு விதமாக இருந்தால், ‘இவர் வேறு, அவர் வேறு’ என்று இணைப்பே நின்றுவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். அதை முன்னால் போடுகிறவர்கள் உண்டு, பின்னால் போடுகிறவர்கள் உண்டு, அப்பா பெயராக விரித்து எழுதுகிறவர்களும் உண்டு. பான் அட்டையில் கடைசிப் பெயராக வெறும் முதலெழுத்தை ஏற்க மாட்டார்கள் என்பதால் அங்கே அப்பா பெயர் முழுசாக வந்துவிடும். வங்கி பானை வைத்துக் கணக்கு தொடங்கியிருந்தால் அதே முழுப்பெயர் பாஸ்புக்கிலும் ஏறும். கல்யாணமான பெண்களுக்கு இன்னொரு அடுக்கு: வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து ஒரு இடத்தில், அப்பாவின் முதலெழுத்து இன்னொரு இடத்தில்.

இது போதாதென்று ஆங்கில எழுத்துக்கூட்டல். முத்துலட்சுமி என்பதில் ‘லட்சுமி’யை மட்டும் கே, எஸ், எச் என்று எழுதுவார்கள், எக்ஸ் போட்டும் எழுதுவார்கள், டி, சி, எச், யூ என்றும் எழுதுவார்கள். ‘முத்து’வில் டி இரண்டா, டி.எச். ஆ? நடுவில் இடைவெளி உண்டா? நமக்கு எல்லாம் ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அப்படி இல்லை. அதனால் தமிழில் படித்துப் பார்த்து ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். ஆதார், இ.எஸ்.ஐ. இரண்டு எண்கள், பாஸ்புக், பான், பி.எஃப். என்று ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆங்கில எழுத்தில் அப்படியே பெயர்த்து எழுதுங்கள், இடைவெளியும் புள்ளியும் உட்பட. பக்கத்தில் பிறந்த தேதி, பிறகு மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். எங்கே வழுக்குகிறது என்று ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

எதை எதோடு பொருத்துவது? ஆதாரை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதை அவசரத்தில் செலவழிக்கக் கூடாது. ஆதாரிலேயே எழுத்துப்பிழை இருந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம். நீங்கள் சொன்னபடி ‘முத்துலட்சுமி எஸ்’ சரியான பெயர்தான் என்றால், இ.எஸ்.ஐ.யில் ‘எஸ் முத்து லட்சுமி’யை அதற்கு மாற்றச் சொல்லி ஆதார் நகலோடு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பாஸ்புக்குக்கு வங்கிக் கிளையில் பெயர்த் திருத்தப் படிவம். ‘சுப்பையா’ என்பதை ‘எஸ்’ ஆக்க மறுத்தால், கணக்குக்கு ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொண்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு கடிதம் வாங்கிக் கிளைமோடு இணையுங்கள்.

வங்கியில் இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கணக்குதாரர் தாமாகப் பணம் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் கணக்கு செயலற்றதாகிவிடும். பணம் அனுப்பினால் சிக்கல் வரலாம். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு பழையதாக இருக்கலாம். 2019இலும் 2020 ஏப்ரலிலும் பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தபோது குறியீடுகள் மாறின, இ.எஸ்.ஐ. பதிவில் பழையது அப்படியே கிடக்கும். மூன்றாவது, மிகச் சின்னது, ஆனால் அடிக்கடி நடப்பது: அந்தக் குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ‘ஓ’ என்று தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஓ.டி.பி. ஆதாரில் இருக்கும் மொபைலுக்குத்தான் வரும். அந்த எண் கைவிட்டுப் போயிருந்தால் முதல் வேலையாக ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிவிடுங்கள். இது முடியாமல் பி.எஃப். பக்கம் ஒன்றும் நகராது.

—

நூல்கண்டு:

இருவருக்கும் நன்றி. உள்நுழைந்து பார்த்ததில் லெட்ஜர் சார் சொன்னது அப்படியே இருக்கிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் 0 நாள், 0 கூலி என்று ஒரு வரி. ஜூனிலிருந்து வரியே இல்லை. பழைய சம்பளச் சீட்டில் இருக்கும் காப்பீட்டு எண்ணும் இப்போதைய எண்ணும் வேறு வேறு.

இரண்டு சந்தேகம். கம்பெனி பூட்டியிருக்கும்போது காரண எண்ணை யார் மாற்றுவது? கிளைமை நிறுவனம்தான் அனுப்ப வேண்டும், முத்திரைத்தாளில் உறுதிமொழி வேண்டும் என்று இ-சேவை மையத்தில் சொல்கிறார்கள். சரியா?

—

பழைய லெட்ஜர்:

இ-சேவையில் சொன்ன இரண்டும் பழைய நடைமுறை. ஆரம்பத்தில் கடைசி நிறுவனம் வழியாகத்தான் கிளைம் போக வேண்டும், 90 நாள் காத்திருக்கவும் வேண்டும். 2020இல் தளர்த்தினார்கள்: வேலை போய் 30 நாள் ஆனதும் தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்துக்குக் கொடுக்கலாம், பணமும் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். உறுதிமொழிப் பத்திரத்தையும் அதே ஆண்டு நவம்பரில் நீக்கினார்கள். ஆன்லைனில் கிளைம் போடும்போது ஆதார், வங்கி விவரம் இவற்றின் ஸ்கேன் நகலை ஏற்றிவிட்டால் தாளில் கொடுக்கவே வேண்டாம். ஏற்றாமல் விட்டவர்கள்தான் கிளைமை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். நேரிலும் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். ஸ்கேன் மங்கலாக இருந்தால் அதுவே ஒரு நிராகரிப்பாகும். ஆதாரின் நான்கு மூலையும் தெரிய வேண்டும், பாஸ்புக்கில் பெயர், கணக்கு எண், குறியீடு மூன்றும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இது நிரந்தரத் திட்டம் இல்லை. காலம் குறித்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். உங்கள் கிளைமின் காலத்துக்கு எந்த உத்தரவு நடப்பில் இருந்தது என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, இ.எஸ்.ஐ. இணையதளத்தின் சுற்றறிக்கைப் பகுதியிலும் பாருங்கள்.

பூட்டிய கம்பெனி விஷயம். காரண எண்ணைத் திருத்தும் வசதி நிறுவனத்தின் உள்நுழைவில்தான் இருக்கிறது, ஆனால் உண்மையைச் சரிபார்க்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு உண்டு. எனவே கடிதத்தை ‘திருத்தித் தாருங்கள்’ என்று எழுதாமல் ‘31.3.2025க்குப் பிறகு நான் பணியில் இல்லை, ஏப்ரல், மே மாதங்களில் பூஜ்ய நாள் காட்டுவதை நிறுவனப் பதிவேட்டோடு சரிபார்த்துக் கடைசி வேலை நாளைப் பதிவு செய்யுங்கள்’ என்று எழுதுங்கள். கூடவே மார்ச் மாதச் சம்பளச் சீட்டு, கூலி ஏறிய வங்கிக் கணக்கு அறிக்கையில் மார்ச்சுக்குப் பிறகு ஒன்றும் வராததைக் காட்டும் பக்கம், நிறுத்தியபோது வந்த அறிவிப்போ குறுஞ்செய்தியோ இருந்தால் அதன் நகல். ஒரே நாளில் நின்ற மற்றவர்களுக்கும் இதே சிக்கல்தான் இருக்கும். எல்லோரும் தனித்தனிக் கடிதம், ஒரே நாளில் கொடுத்தால், அலுவலகம் ஒரே ஆய்வில் எல்லாவற்றையும் முடிக்க வாய்ப்பு உண்டு. கம்பெனி நடத்தியவர் வேறு யூனிட் நடத்திக்கொண்டிருந்தால் அந்த முகவரியையும் எழுதுங்கள். பூட்டிய கதவுக்குப் போகும் நோட்டீஸ் திரும்பித்தான் வரும்.

கிளைம் நிற்கும் காலத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டால் அதை மறைக்க வேண்டாம். வேலை போன நாளுக்கும் புது வேலை சேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு நிவாரணம் உண்டு. மறைத்தால் புது நிறுவனத்தின் முதல் மாதப் பங்களிப்பே காட்டிக்கொடுத்துவிடும். அதேபோல வரப்போகும் மாதத்துக்கு முன்கூட்டியே கேட்க முடியாது, முடிந்த காலத்துக்குத்தான்.

—

வைப்புநிதி:

பி.எஃப். பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் அங்கே ஒரு தேதியைத் தப்பாகப் போட்டு இ.எஸ்.ஐ. கிளைமையும் கெடுத்துக்கொள்வார்கள்.

வெளியேறிய தேதியை நிறுவனம் போடாவிட்டால் உறுப்பினரே போடலாம். 12 இலக்க யூ.ஏ.என்.னில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) உள்நுழைந்து ‘மேனேஜ்’ பகுதியில் ‘மார்க் எக்ஸிட்’. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். ஆதார் ஓ.டி.பி. வரும். தேதியைக் கடைசிப் பங்களிப்பு வந்த அந்த மாதத்துக்குள் மட்டும்தான் தேர்ந்தெடுக்க விடும். ஆகவே முதலில் பி.எஃப். பாஸ்புக்கில் மார்ச் 2025க்கான பங்களிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் மார்ச்சுக்குக் கட்டாமல் பிப்ரவரியோடு நிறுத்தியிருந்தால், நீங்கள் பிப்ரவரியில் ஒரு தேதியைத்தான் போட முடியும். இ.எஸ்.ஐ.யில் மார்ச் 31, பி.எஃப்.பில் பிப்ரவரி 28 என்று ஆகிவிடும். அப்படி இருந்தால் தேதியைப் போடாதீர்கள், முதலில் கட்டாத மாதத்துக்குப் புகார். ஒரு முறை போட்ட வெளியேறிய தேதியை அதே பக்கத்தில் போய் மாற்ற முடியாது.

பெயர், பிறந்த தேதி திருத்தம் முன்புபோல நிறுவனத்தின் கையெழுத்துக்காக அலைய வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் விதி மாறியது. யூ.ஏ.என். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு உருவாகி, ஆதாரால் சரிபார்க்கப்பட்டிருந்தால், பெயர், பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், திருமண நிலை, சேர்ந்த தேதி, விட்ட தேதி இவற்றை உறுப்பினரே ஆன்லைனில் திருத்தலாம். அதற்கு முந்தைய யூ.ஏ.என். என்றால் நிறுவனத்தின் ஒப்புதல் இன்னும் வேண்டும். பூட்டிய கம்பெனிக்காரர்களுக்கு அந்த அக்டோபர் 1தான் எல்லைக்கோடு, கிளைமுக்கு உட்காரும் முன் யூ.ஏ.என். எப்போது வந்தது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு இணைப்புக்கு நிறுவன ஒப்புதலும், கிளைமுக்குக் காசோலை நகலும் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டன. இன்னமும் சிலர் காசோலைப் புத்தகம் வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறார்கள், தேவையில்லை.

எவ்வளவு எடுக்கலாம் என்பதில் பழைய பதிவுகளை நம்பாதீர்கள். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் படிவம் 19இல் முழுத் தொகை என்பது பல வருட நடைமுறை. 2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு அந்தக் காத்திருப்பை 12 மாதமாகவும், ஓய்வூதியப் பகுதிக்கு 36 மாதமாகவும் ஆக்க முடிவெடுத்தது. 25 சதவீதத்தை இருப்பாக வைத்துவிட்டு மீதியை எடுக்கலாம் என்பதும் அதே முடிவுதான். கிளைம் போடும் நாளில் போர்ட்டல் எந்த விதியைக் காட்டுகிறதோ அதன்படி போங்கள். ஓய்வூதியப் பகுதியில் மொத்தப் பணி 10 வருடத்தைத் தாண்டியிருந்தால் பணமாக எடுக்க முடியாது, 10சி படிவத்தில் திட்டச் சான்றிதழ்தான் வாங்க முடியும். பழைய யூனிட்டின் பி.எஃப். வேறு உறுப்பினர் எண்ணில் கிடந்தால் அதை முதலில் மாற்றிச் சேருங்கள். ஐந்து வருடத் தொடர் பணி இல்லாமல் ₹50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வரிப்பிடித்தம் உண்டு. இரண்டு இடத்தையும் சேர்த்தால் இந்த அம்மாவுக்கு ஐந்து வருடம் தாண்டிவிடும். சேர்க்காமல் எடுத்தால் தாண்டாது.

—

கிளார்க்கம்மா:

ஒன்று விட்டுப்போயிற்று, இதுதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். அந்த அம்மாவிடம் நிறுவனம் ராஜினாமா கடிதம் எதிலாவது கையெழுத்து வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் இந்த நிவாரணத்துக்குத் தகுதி இல்லை. கணக்கை முடிக்கும் நாளில் பல தாள்களை நீட்டி வாங்கும் கையெழுத்துகளில் ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று ஒரு தாள் கலந்திருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் படித்திருக்கவே மாட்டார்கள். அது ஆட்குறைப்பு இழப்பீட்டையும் தின்றுவிடும்: சட்டப்படி ஒரு வருடப் பணிக்கு 15 நாள் சராசரிக் கூலி வீதம் வர வேண்டியது. அப்படி ஒரு தாள் இருந்தால், அதே நாளில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள் என்பதோடு தொழிலாளர் உதவி ஆணையரிடம் எழுதிக் கொடுத்து, அந்த மனுவின் நகலை இ.எஸ்.ஐ. கிளைமிலும் சேருங்கள். ஒரே நாளில் முப்பது பேருக்குச் சொந்தக் காரணம் வராது என்பதை எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார், ஆனால் தாளில் இருந்தால்தான் அவரால் அதை எழுத முடியும்.

—

மனுநாள்:

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தமிழ்நாடு அரசுத் திட்டம், வேலையே கிடைக்காமல் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு: பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் ₹72,000க்குள், வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் ₹200, தேறியவருக்கு ₹300, பன்னிரண்டாம் வகுப்புக்கு ₹400, பட்டதாரிக்கு ₹600. அங்கே அதிகம் கெடுவது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பித்தல்.

—

நூல்கண்டு:

ராஜினாமா தாள் எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன். பெயர்த் திருத்தம், எண் இணைப்பு, கடைசி வேலை நாள் என்று மூன்று கடிதமும் தயார். இவற்றைக் கொடுத்த பிறகு எவ்வளவு நாள் பொறுப்பது?

—

பழைய லெட்ஜர்:

மூன்றையும் இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். இரண்டாவது பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கொடுத்தவர்களிடம் முத்திரை இல்லாததால்தான் ‘கடிதமே வரவில்லை’ என்ற பதில் எழுகிறது. முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடுங்கள்.

பெயரும் எண்ணும் சரியாகிவிட்டதா என்று வாரம் ஒரு முறை காப்பீட்டாளர் உள்நுழைவில் பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை 24 மாதமும் ஒரே எண்ணின் கீழ் தெரிய வேண்டும், கடைசி வேலை நாள் 31.3.2025 என்று காட்ட வேண்டும். இந்த இரண்டும் திரையில் தெரிந்த பிறகே மூன்றாவது கிளைம். பிறகு கிளைம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் ஆகியும் கடிதங்களில் அசைவு இல்லையென்றால் இ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லா எண் 1800-11-2526இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளம். அங்கே 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது நடைமுறை. புகாரில் நீண்ட கதை வேண்டாம். காப்பீட்டு எண்கள், முத்திரை விழுந்த தேதி, எந்தத் திருத்தம் நிலுவையில் இருக்கிறது என்று நான்கு வரி, முத்திரைப் பிரதியின் ஸ்கேன் ஒன்று. பி.எஃப்.புக்கு ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாம் நடக்கிறது, மார்ச் பங்களிப்பு ஏறவில்லை என்றால் பாஸ்புக் அச்சோடு அங்கே போங்கள்.

நிவாரணக் காலத்துக்கு அந்த அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் உண்டு. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.